மீதிப் படமெல்லாம் எங்கே?

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், என் கணவர், மாமியார், எட்டு வயது மகள், அப்புறம் இரும்புக்கை மாயாவி.

ஐந்தாவது ஆசாமிக்கு ரேஷன் கார்டில் பெயர் இல்லை. ஆனாலும் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் இருப்பார். பள்ளிக்கூட வேன் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். இரவில் என் மகளின் தலையணைக்கடியில் படுத்துக்கொள்வார்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' பத்திரிகையில் பிறந்தவர். அவரைப் படமாக வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் தேசத்துக்காரர். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது முதல் புத்தகமே இவர் கதைதான். அன்று முதல் நல்ல தமிழ் பேசி வருகிறார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது என் கணவரின் தகரப் பெட்டியில். பள்ளிக்கூட நாளில் கைச்செலவுக் காசை மிச்சம் பிடித்து வாங்கிச் சேர்த்த புத்தகங்களாம். கல்யாணச் சீரோடு சீராக என் தலையில் கட்டியதை அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை! மகளுக்கு ஆறு வயதானதும், ஒரு மழை நாளில் அந்தப் பெட்டியைத் திறந்தார். அப்பாவும் பெண்ணும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் அன்றே கண்டிப்பாகச் சொல்லிவைத்தோம். ப்ளக் பாயிண்டில் விரலை வைத்தால் யாரும் மறைய மாட்டார்கள். உயிர்தான் போகும் என்று. சிறு வயதில் தாமும் அந்தப் பரீட்சைக்குக் கிளம்பி, பாட்டி முதுகில் வைத்த அடியில் பிழைத்துக்கொண்டதாக என் கணவர் ஒப்புக்கொண்டார். உங்கள் வீட்டில் மாயாவி நுழைந்தால் நீங்களும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வருஷம் ஓடியது. மாயாவியைத் தவிர வேறு எதையும் அவள் தொடவில்லை. பிறந்த நாளுக்கு வந்த கதைப் புத்தகங்கள் வந்த காகிதம் பிரியாமல் அலமாரியில் நின்றன. நானும், 'போகட்டும், குழந்தைதானே' என்று இருந்தேன்.

இருக்க முடியாமல் செய்தது பள்ளிக்கூடம். பெற்றோரை அழைத்த ஒரு சனிக்கிழமை, தமிழ் டீச்சர் தணிந்த குரலில் சொன்னார்: "தமிழ் வாசிப்புதான் கொஞ்சம் பின்தங்கி இருக்குங்க. வீட்டுல பார்த்துக்கோங்க."

எனக்குக் காது சிவந்துவிட்டது. வாரா வாரம் ஊருக்கெல்லாம் கதையும் கட்டுரையும் கொடுக்கிற பத்திரிகையில் எனக்கு வேலை. அடுத்தவர் எழுத்தில் ஒற்றுப் பிழை கண்டால் சிவப்புப் பேனாவோடு பாய்கிறவள் நான். என் பெண்ணா தமிழில் மட்டம்? பஸ்ஸில் வரும்போதே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். அவருக்கு வலது கை இரும்பு.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனதும் அத்தனை புத்தகங்களையும் கட்டி, பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் தள்ளினேன். மாமியார் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏதோ சொல்கிறார் என்று அர்த்தம். நான் கவனிக்கவில்லை.

சாயங்காலம் மகள் கேட்டாள்: "மாயாவி எங்கேம்மா?"

"லீவு போட்டு ஊருக்குப் போயிருக்கார். நீ நல்லாப் படிச்சா வருவார்."

அவள் அழவில்லை. என் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவின் செல்போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள். மாயாவி காலி செய்த இடத்தில் தெனாலிராமன் வந்து உட்காருவான் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். வந்து உட்கார்ந்தது செல்போன்!

பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் ராத்திரி ஒரு தெனாலிராமன் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "சத்தமாகப் படி, கேட்கலாம்" என்று எதிரில் உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தில் பெரிய படம். அருவி மாதிரி படித்தாள். டீச்சருக்கு என்ன தெரியும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதில் படம் இல்லை.

"தொண்டை வலிக்குதும்மா."

"தண்ணி குடிச்சிட்டுப் படி."

குடித்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். 'ள'வா 'ழ'வா என்று தெரியாமல் நின்றாள். வரி முடிந்து அடுத்த வரிக்கு இறங்கும்போது வழி தவறி, படித்த வரியையே மறுபடி படித்தாள். நான்காவது வரியில் கண்ணீர் சொட்டிக் காகிதம் நனைந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் பக்கத்தை அவள் படிக்கவே இல்லை. படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். கதைதான் பாட்டி சொல்லிக் கேட்டதாயிற்றே!

"மாயாவி புக்கு மட்டும் எப்படிம்மா படிச்சே?" என்றேன்.

"அதுல எழுத்து தெரியலேன்னா படம் சொல்லிக் குடுக்கும். இதுல யாரு சொல்லிக் குடுப்பாங்க?"

யார் சொல்லிக் கொடுப்பார்கள்? நியாயமான கேள்வி. இங்கிலீஷில் எல்லாப் பாடமும் நடக்கும் பள்ளிக்கூடம். நானோ பத்து மணிக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்புகிறவள். இரண்டு வருஷமாக என் பெண்ணுக்குப் பொறுமையாக, திட்டாமல், அவசரப்படாமல் தமிழ் சொல்லிக் கொடுத்த ஒரே வாத்தியார் அந்த இரும்புக்கைக்காரர்தான். அவரைத்தான் நான் அண்டாவுக்குப் பின்னால் அடைத்துவைத்தேன்.

அன்று ராத்திரியே ஏணியைப் போட்டு ஏறினேன். மாமியார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கேட்டது.

அதன் பிறகு நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அவளோடு குப்புறப் படுத்து நானும் மாயாவி படித்தேன். மாயாவியின் வசனமெல்லாம் அவளுக்கு. வில்லன், போலீஸ், விஞ்ஞானி எல்லாம் எனக்கு. வில்லனாக நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்.

அப்படிப் படிக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சில படங்களின் தலையில் சிறு கட்டம் போட்டு இரண்டு வரி எழுதியிருக்கும்: அன்று இரவு என்ன நடந்தது, யார் எங்கே போனார்கள் என்ற விவரம். என் மகள் வசனத்தை மட்டும் படித்துவிட்டு அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். வசனம் பேச்சு, கட்டத்துக்குள் இருப்பது எழுத்து நடை. கதைப் புத்தகத்துத் தமிழ் முழுக்க அந்தக் கட்டத்துக்குள் அல்லவா இருக்கிறது!

"இனிமே பெட்டியைப் படிக்கிறவங்களுக்குத்தான் பக்கம் புரட்டுற உரிமை" என்று ஒரு சட்டம் போட்டேன். உரிமைக்காக அவள் பெட்டிகளைப் படித்தாள். இரண்டு வரிதானே, வழி தவற இடமில்லை. தவறினால் கீழே படம் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தையும் கட்டங்களைத் தாண்டுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். என் அனுபவத்தில், வேறு புத்தகத்துக்குப் போகும் கதவு அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது.

ஒரு மாதம் கழித்து, பழைய புத்தகக் கடையில் சில 'அம்புலிமாமா'க்களை வாங்கிவந்தேன். 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை, இப்போது வருவதில்லை. ஆனால் அந்தப் படங்கள்! தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் உருவிய வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்திருப்பதைப் பார்த்த குழந்தை, 'யார் இது, எங்கே போறார்?' என்று கேட்காமல் இருக்காது. என் மகளும் கேட்டாள். "எனக்கு இட்லி மாவு அரைக்கணும். நீயே பாரேன்" என்று சமையலறைக்குப் போய்விட்டேன். மாவு அரைத்தது வாஸ்தவம்தான். காதை மட்டும் கூடத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். கூட்டிக் கூட்டிப் படிக்கும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

சில புத்தகங்கள் தோற்கவும் செய்தன. மின்சாரத்தைப் பற்றி வழவழப்பான காகிதத்தில் ஒரு விஞ்ஞானப் புத்தகம். ஷாக் அடித்தால் ஏன் மனிதன் மறைவதில்லை என்று தேடினாள். அதற்குப் பதில் அதில் இல்லாததால் மூடிவிட்டாள். குற்றம் சொல்ல முடியுமா?

பெரிய அடி எடுத்துவைத்தது நான் அல்ல, என் மாமியார். அவர் பெட்டியில் ஒரு பொக்கிஷம் உண்டு: அவருடைய அம்மா 'கல்கி'யிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து அட்டை போட்ட 'பொன்னியின் செல்வன்'. 1950-ல் தொடராக வரத் தொடங்கியபோது மணியம் வரைந்த படங்களோடு அப்படியே இருக்கிறது. உங்கள் வீடுகளிலும் இப்படிப்பட்ட தைத்த புத்தகம் ஒன்று இருந்திருக்கும். காகிதம் அப்பளம் மாதிரி நொறுங்கும். எங்கள் யாரையும் அவர் தொட விடுவதில்லை. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் மடியில் வைத்தார்.

எட்டு வயதுக்கு அது அதிகம் என்றுதான் நினைத்தேன். பாட்டி படித்துச் சொன்னார். அவள் படம் பார்த்தாள். ஆடிப் பெருக்கு, கரை தளும்பும் வீரநாராயண ஏரி, குதிரை மேல் வந்தியத்தேவன். நாலைந்து பக்கம் பொறுத்தாள். பிறகு கேட்டாள்:

"பாட்டி, மீதிப் படமெல்லாம் எங்கே?"

பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாராவாரம் ஒண்ணு ரெண்டு படம்தான் போட முடியும் கண்ணு. மீதியை எழுத்துலே ஒளிச்சு வெச்சிருக்காங்க."

"ஒளிச்சா? மாயாவி மாதிரியா?"

"அவரை மாதிரியேதான். கண்ணுக்குத் தெரியாது, ஆனா அங்கேதான் இருக்கும். நீ வேணும்னா வரைஞ்சு பாரு."

'அந்த ஏரி நிஜமா?' என்றும் கேட்டாள். நிஜம் என்றேன். அதுதான் வீராணம் ஏரி. 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடிவந்து நம் சென்னைக்குக் குடிநீராகிறது என்றேன். எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் வீணாகிறதே என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டேன்.

டீச்சர் இன்னும் 'பரவாயில்லை' என்ற அளவுக்குத்தான் சொல்கிறார். படமில்லாத பக்கம் வந்தால் இப்போதும் விரல் வேண்டும். ஆனால் தொண்டை வலிப்பதில்லை. மாயாவி பழையபடி தலையணைக்கடியில்தான் தூங்குகிறார். பக்கத்தில் ஓர் அம்புலிமாமாவுக்கும் இடம் விட்டிருக்கிறார்.

போன வாரம் ஆபீஸிலிருந்து வந்தபோது என் மேஜை மேல் ஒரு கோடு போடாத நோட்டு இருந்தது. பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள். குதிரை மேல் வந்தியத்தேவன். வலது கை மட்டும் சாம்பல் நிறம். இரும்பு! முதல் கட்டத்தின் தலையில் பெட்டி போட்டு எழுதியிருந்தாள்: 'வீராணம் ஏறி. சாயங்காலம். குதிரைக்கு தாகம்.'

பழக்க தோஷத்தில் கை சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று. 'ஏறி'யில் வல்லின றகரத்தைச் சுழிக்க வேண்டும். 'குதிரைக்கு'ப் பின்னால் 'த்' போட வேண்டும். பேனாவின் மூடியைக் கழற்றினேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.

கடைசிக் கட்டத்தில் படம் இல்லை. ஒரே ஒரு சொல்தான், பிழையில்லாமல்: 'தொடரும்.'