உல்லனில் உல் இருக்கிறதா?

ஃபேன்சி ஸ்டோரில் போய் 'உல்லன் நூல்' கேட்டால், கலர் கலராக எடுத்துப் போடுவார்கள். வாசல் தோரணம், டிவி கவர், ஸ்கூல் கிராஃப்ட் பொம்மை என எல்லாமே உல்லன்தான். ஆனால், பெரும்பாலான அந்த நூலில் ஆட்டு ரோமம் துளிகூட இருக்காது. அது அக்ரிலிக், பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் செயற்கை இழை.

நமக்கு இந்த வித்தியாசம் உறைக்காததற்கு வெயிலும் ஒரு காரணம். மேச்சேரி, வேம்பூர் ஆடுகளெல்லாம் கறிக்காக வளர்க்கப்படுபவை. கத்தரித்து நூற்கும் அளவுக்கு அவற்றுக்கு ரோமம் கிடையாது. மலைக்குளிரில் வாழும் நீலகிரி ஆடு ஒரு விதிவிலக்கு. அதனால் கம்பளி என்றாலே நமக்குப் போர்வைதான். அதை விட்டால் கம்பளிப்பூச்சி!

ஆங்கிலத்திலும் குழப்பம் உண்டு. 'காட்டன் உல்' என்பது வெறும் பஞ்சு. பாத்திரம் தேய்க்கிற 'ஸ்டீல் உல்' இரும்பு இழை. இதிலெல்லாம் யாரும் ஏமாறப் போவதில்லை. ஸ்வெட்டர் கதை வேறு.

டெல்லியில் வேலை கிடைத்த மகனுக்கு, மதுரையில் ஓர் அம்மா பார்த்துப் பார்த்து ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார். அங்கே போன பிறகுதான் உள்பக்க லேபிளைப் படித்தான் மகன். '100% அக்ரிலிக்'.

"இது உல் இல்லம்மா."

"கடைக்காரர் உல்லன்னுதானேடா சொன்னாரு!"

கடைக்காரரும் வேண்டுமென்று பொய் சொல்லியிருக்க மாட்டார். நம் ஊரில் அதற்குப் பெயரே அதுதான்.

அக்ரிலிக் மட்டம் என்று சொல்லிவிட முடியாது. விலை குறைவு, துவைப்பது சுலபம், பூச்சி அரிக்காது. ஆனால், நெருப்பு என்று வந்தால் நிலைமை வேறு. அசல் கம்பளி சட்டென்று பற்றாது. பற்றினாலும் உருகாமல் கருகும். அக்ரிலிக் உருகி எரியும், தோலில் ஒட்டிக்கொள்ளும். ரூம் ஹீட்டர், கேஸ் அடுப்பு, கேம்ப் ஃபயர் பக்கம் உட்காருபவர்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் போட்டுவிடுபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சந்தேகமா? ஓர் இழையை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. நம் முடியும் ஆட்டு ரோமமும் ஒரே கெரட்டின் புரதம்தானே! ஆறிய பிறகு கெட்டியான கறுப்பு மணியாக நின்றால் அக்ரிலிக். இரண்டும் கலந்த நூல் என்றால் இந்தச் சோதனை குழப்பிவிடும், லேபிள்தான் கதி. 1964-லிருந்து இருக்கும் 'உல்மார்க்' முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

மதுரை அம்மா வாங்கிய ஸ்வெட்டர் வீணாகவில்லை. ஆபீஸுக்கு அதைத்தான் போட்டுப் போகிறான். ரூமுக்கு வந்து ஹீட்டரைப் போடும்போது கழற்றி ஹேங்கரில் மாட்டிவிடுகிறான்.