நாமும் நாங்களும்

சென்ற கோடை விடுமுறையில், முல்லையாறு பாயும் உத்தமபாளையத்தில், எமது இல்லத்துத் திண்ணையிலமர்ந்து தம்பிக்கு ஆங்கில இலக்கணம் பயிற்றினோம். மூவிடப்பெயர், உடைமைப்பெயர், தற்சுட்டுப்பெயர், சுட்டுப்பெயர், வினாப்பெயர் எனப் பிரதிநாம வகைகளைப் பகுத்துரைத்தபின், 'வீ' என்னும் தன்மைப் பன்மை அமைந்த வாக்கியமொன்றைக் கூறித் தமிழாக்கப் பணித்தோம்.

"நாளை நாங்கள் கோயிலுக்குப் போவோம்" என்றான் அவன்.

அருகே அரிசியிற் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அப்பத்தாள் நிமிர்ந்து, "ஏனப்பா, என்னை விட்டுவிட்டா போவீர்கள்?" என்றார்.

இருவரும் நகைத்தோம், அவர் நகைத்திலர். கல்லூரி புகுந்த நாள்முதல் எம் பேச்சில் 'எங்கள் விடுதி', 'எங்கள் தோழர்' என்பனவே மிகுந்திருந்தமை அப்போதுதான் எமக்கு உறைத்தது.

ஆங்கில 'வீ' கேட்போரையும் சேர்த்ததோ விலக்கியதோ என்பதைச் சொல்லளவிற் காட்டாது. தமிழோ, முன்னிலையாரை உளப்படுத்த 'நாம்' என்றும், விலக்க 'நாங்கள்' என்றும் இரு சொற்களை உடையது. கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இவ்விரட்டைப் பன்மையை ஆராய்ந்துள்ளார். கர்த்தர் கற்பித்த ஜெபத்திற் பிதாவை 'எங்கள்' பிதாவென விளிப்பதும் இம்முறை பற்றியே. கேட்பவர் அவரேயாதலின் 'நம்' அங்குப் பொருந்தாது.

தம்பியின் மொழிபெயர்ப்பு இலக்கணப் பிழையன்று. 'வீ' இரண்டற்கும் இடந்தருமன்றோ? ஆயினும் அவன் ஏட்டில் 'நாங்கள்' என்பதை அடித்து 'நாம்' என எழுதுவித்தோம். மறுநாள் ஞாயிறு, அப்பத்தாளின் கைபிடித்து மூவேமும் கோயிலுக்குச் சென்றோம்.