குறையை எழுதுதல்

ஹெவ்லொக் டவுனைப் பல்லாண்டுகளின் பின் காணவரும் பழைய மாணவர் திகைப்புறுதல் இயல்பே. வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. மாமரம் நின்ற வளவுகளிலும் மாடிகள் எழுகின்றன. அத்தகைய கட்டடங்களில் தரப் பரிசோதகனாகக் கடமையாற்றும் யான், தூண்களுக்குள் மறைந்து கிடப்பவற்றைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

வேலையானது வரைபடத்துக்கோ ஒப்பந்த விவரக்குறிப்புக்கோ மாறாக அமையுமிடத்துப் பரிசோதகர் எழுதுவது இணக்கமின்மை அறிக்கை. வேலைத்தளத்தில் அதனை ‘என்.சி.ஆர்.’ என்பர். எவ்விடத்தில், எவ்வரைபடத்தின்படி, எவ்வளவு இருத்தல் வேண்டும், இருப்பது எவ்வளவு என்பனவே அதில் இடம்பெறும். எவர்மீது பழி என்பது இடம்பெறாது. திருத்தும் வழியையும், குறையின் காரணத்தையும், அது மீண்டும் நிகழாதிருக்கும் ஏற்பாட்டையும் ஒப்பந்தகாரர் எழுத, பரிசோதகர் நேரிற் கண்டு உறுதிசெய்த பின்னரே அறிக்கை முடிக்கப்படும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இப்பகுதியின் பக்கத் தெருவொன்றில், ஐந்தாம் மாடித் தூண்களுக்கு மறுநாட் காலை கொங்கிறீற்று வார்க்க ஏற்பாடாகியிருந்தது. கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் இடையே 40 மில்லிமீற்றர் காப்பு வேண்டும். யான் அளந்தபோது சில தூண்களில் 25 மில்லிமீற்றரே இருந்தது. கடற்காற்று வீசும் இவ்வூரில் அவ்வேறுபாடு சிறிதன்று. உப்பு உட்புகுந்து கம்பியை அடையுமாயின் கம்பி துருவேறிப் பருக்கும். பருத்த துரு கொங்கிறீற்றைப் பிளக்கும்.

“இரவோடிரவாகத் திருத்திவிடுவோம், எழுத வேண்டாமே” என்றார் தளப் பொறியியலாளர். தலைமைக் கம்பி வேலையாளர் தனியே வந்து, “ஐயா, எழுதிப்போடாதேயுங்கோ, எங்களைத்தான் நிப்பாட்டுவினம்” என்றார். பிள்ளைகள் மூவரைப் படிப்பிக்கும் அம்முதியவரின் முகத்தைக் கண்டபின் பேனாவை எடுப்பது எளிதாயிருக்கவில்லை. ஆயினும் எழுதினேன்.

காரணத்தைத் தேடியபோதே உண்மை வெளிப்பட்டது. தளத்தட்டுக்குரிய 25 மில்லிமீற்றர்க் காப்புக் கட்டைகளும் தூணுக்குரிய 40 மில்லிமீற்றர்க் கட்டைகளும் களஞ்சியத்தில் ஒரே சாக்கிற் கலந்து கிடந்தன. கம்பி கட்டியோர் கொடுக்கப்பட்டதையே வைத்திருந்தனர். வார்ப்பு ஒருநாள் தள்ளிவைக்கப்பட்டது, கட்டைகள் மாற்றப்பட்டன, களஞ்சியத்தில் அவை வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டன. யான் அத்தளத்துக்கு வருமுன்னரே வார்க்கப்பட்டிருந்த நான்காம் மாடித் தூண்களையும் காப்பளக்கும் கருவியாற் சோதித்தோம். மூன்றிற் குறை தென்பட்டது. வடிவமைத்த பொறியியலாளரின் தீர்மானப்படி அவற்றுக்குப் பாதுகாப்புப் பூச்சு இடப்பட்டது. முதியவரின் வேலையும் நிலைத்தது. இரவிலே ஓசையின்றித் திருத்தியிருப்பின் அம்மூன்று தூண்களும் எவர் கண்ணுக்கும் பட்டிரா. பழியும் அவர்மேலேயே தங்கியிருக்கும்.

2017 மே மாதத்தில் வெள்ளவத்தையில், சவோய் திரையரங்கை அண்டிய கட்டடமொன்று சரிந்து உயிரிழப்பு நேர்ந்ததை இப்பகுதியினர் மறந்திலர். சரிந்த பின்னர் எழுதப்படும் அறிக்கைகள் பல; வார்ப்புக்கு முந்திய மாலையில் எழுதப்படும் ஒன்றே உயிர் காக்கும்.

பொறியியற்றுறை புகவிருக்கும் மாணவத் தம்பியர்க்கு ஒன்று கூறுவேன். அறிக்கையே இல்லாத தளத்தைக் குறையே இல்லாத தளம் என எண்ணற்க. குறையை எழுதுக, ஆளைப் பழியற்க, காரணம் புலப்படும்வரை அறிக்கையை முடியற்க. கல்லூரி அன்னை நீடு வாழ்க!