முன்னே போகும் முதுகுகள்

சாலை ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொண்டு வீடு திரும்பியவனிடம் உற்றாரும் அண்டை வீட்டாரும் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனையாவதாக வந்தாய்?" என்பதே. கேள்வியில் குற்றமில்லை, பந்தயம் என்று பெயர் வைத்துவிட்ட பிறகு, முதலாவது இரண்டாவது என்ற வரிசையும் பரிசும் அதற்குரிய லட்சணங்கள் என்று உலகம் எண்ணுவது நியாயந்தான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஓடும் கூட்டத்தில், முதற்பரிசு பெற்றவர் உடை மாற்றிச் சிற்றுண்டியும் முடித்துவிட்ட பின்னரும் பாதி வழியில் வியர்த்துக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற நடுவரிசைக்காரனுக்கு அதற்கு விடை சொல்வது சங்கடமான காரியம். எண்ணைச் சொன்னால் அனுதாபம் கிடைக்கிறது. நேரத்தைச் சொன்னால் அது நல்லதா கெட்டதா என்று விளங்காமல் ஒரு மௌனம் உண்டாகிறது. "முடித்தேன்" என்று மட்டும் சொன்னாலோ, முடிக்காமல் வருவதற்கும் இடமுண்டா என்று வியப்போடு பார்க்கிறார்கள். பரிசுக்கு எள்ளளவும் வாய்ப்பில்லாத ஒருவன், கட்டணமும் கட்டி, பின்னிரவில் எழுந்து போய், யாரோடு போட்டியிடுகிறான் என்பது அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. நமக்கு நாமே போட்டி என்று எங்கள் ஓட்டச் சங்கத்தில் சிலர் வேதாந்தமாகச் சொல்வதுண்டு. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. போட்டி எப்போதும் இன்னொருவரோடுதான். அந்த இன்னொருவரின் முகம் தெரியாது, முதுகு மட்டுமே தெரியும் என்பதுதான் இந்தப் போட்டியின் விசேஷம்.

சென்னை ரன்னர்ஸ் என்ற சங்கம் 2006-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் கிளைகளும், அதைச் சாராத வேறு பல சங்கங்களுமாக ஓட்டக் கோஷ்டிகள் பேட்டைதோறும் பெருகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் பெசன்ட் நகர்க் கடற்கரையில், மூழ்கிக்கொண்டிருந்தவரைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிர் துறந்த ஷ்மிட்டின் நினைவுச் சின்னத்தருகே போய் நின்றால், வெவ்வேறு நிறச் சட்டையணிந்த கூட்டங்கள் அரையிருளில் கைகால்களை உதறிக்கொண்டிருப்பதைக் காணலாம். வங்கி ஊழியரும், கணிப்பொறி நிபுணரும், ஓய்வு பெற்ற பேராசிரியரும், இரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிவைத்துவிட்டு வந்த இல்லத்தரசியும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரையொருவர் "சார்" என்றும் "அண்ணா" என்றும் "மேடம்" என்றும் அழைத்துக்கொள்கிறார்கள். வாரம் முழுவதும் சேர்ந்து ஓடுகிறவர்கள், சாலையில் பள்ளம் வந்தால் கையைக் காட்டி எச்சரிக்கிறவர்கள், காலில் பிடிப்பு ஏற்பட்டால் உட்காரவைத்து நீவிவிடுகிறவர்கள். ஆயினும் பந்தய நாள் நெருங்க நெருங்க, இந்த அன்பின் மீது மெல்லியதொரு திரை விழுவதை நான் கவனித்திருக்கிறேன். யார் என்ன நேரத்தைக் குறி வைத்திருக்கிறார் என்பதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. "ராத்திரி தூக்கமே இல்ல சார், இன்னிக்கு சும்மா ஜாலியா ஓடப் போறேன்" என்பது சங்கத்தில் வழங்கும் சம்பிரதாயமான வாக்கியம். அந்த வாக்கியத்தை உரைத்த எவரும் அன்றைக்கு எனக்குப் பின்னால் வந்ததாக ஞாபகமில்லை.

ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் பெரிய மாரத்தான் நேப்பியர் பாலத்தில் ஆரம்பமாகிறது. 1869-இல் கூவத்தின் மேல் கட்டப்பட்டு, 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட்டை முன்னிட்டுக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டப்பெற்ற அந்தப் பாலத்தில், மார்கழி மாதத்துக் கருக்கலில், சட்டையில் ஊக்கு குத்தி எண் அட்டையை மாட்டிக்கொண்டு ஜனத்திரளின் நடுவே நிற்பதில் ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்கிறது. அல்லது ஒலிபெருக்கி இல்லாதிருந்தால் இருக்கும். மேடையேறிய ஒருவர் எல்லாரையும் ஜும்பா ஆடும்படி உற்சாகப்படுத்த, நாற்பது வயதுக்காரர்கள் பலர் அவர் சொற்படி கைகளை மேலே தூக்கி ஆடுகிறார்கள். தசைகளைச் சூடேற்றுவதற்கு இது உகந்ததென்று சொல்கிறார்கள். நான் அந்தச் சமயத்தில் கழிப்பறை வரிசையில் நிற்பதையே விரும்புகிறேன். அங்கே நடக்கும் சம்பாஷணைகள் இன்னும் உண்மையானவை.

கொடி அசைந்துவிட்டது என்பது நடுவரிசைக்குக் காதால்தான் தெரிகிறது. முன்னால் ஆரவாரம் எழுகிறது; நம் காலோ நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு ஒரு அடி, இரண்டு அடி, ஒரு நடை. கோட்டை மிதிக்கும்போதுதான் எண் அட்டையின் பின்புறம் ஒட்டியிருக்கும் சில்லு தரையில் விரித்த பாயின் மேல் விழித்துக்கொண்டு, நமது கணக்கைத் தொடங்குகிறது. கொடி அசைந்த கணத்திலிருந்து எண்ணுவது ஒரு நேரம். தான் கோடு தாண்டிய கணத்திலிருந்து எண்ணுவது இன்னொரு நேரம். பரிசுக்கு ஓடுகிறவர்களுக்கு முதலாவது, மற்றவர்களுக்கு இரண்டாவது. ஆகவே, எனக்கு முன்னால் பத்து அடி தூரத்தில் போகும் மனிதர் உண்மையில் என்னைவிட நிதானமாக ஓடி வருபவராகவும், இரண்டு நிமிஷம் முன்னதாகக் கோட்டைத் தாண்டியவராகவும் இருக்கலாம். கண்ணுக்கு அவர் முந்தியவர். கணக்கில் அவர் பிந்தியவர். இது அறிவுக்குத் தெரிந்திருந்தும், அந்த முதுகைத் தாண்டாமல் விடக்கூடாதென்ற எண்ணம் சிறிதும் தணிவதில்லை.

காமராசர் சாலையில் முதல் சில கிலோமீட்டர்கள் இருளிலேயே கழிகின்றன. ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையும், 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்த புலவர்களின் சிலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. பகலில் பேருந்திலிருந்து பார்ப்பவனுக்கு அவற்றின் வரிசை மனத்தில் பதிவதில்லை, ஓடுகிறவனுக்கோ அவையே மைல்கற்கள். இந்தக் கட்டத்தில் யாரும் பேசுவதில்லை. ஆயிரம் காலணிகள் தார்ச்சாலையைத் தொடும் ஒலி மட்டுமே கேட்கிறது. அதன் நடுவே வெறுங்காலுடன் ஓடுகிறவர்களின் மெத்தென்ற அடியோசையும் உண்டு. எல்லாரும் வேகமாகத்தான் போகிறார்கள், போகக்கூடாதென்று தெரிந்தே. புத்துணர்வோடு வந்த கால்களுக்குப் புத்திமதி ஏறுவதில்லை.

அடையாற்றுப் பக்கம் வந்து சேர்வதற்குள் கிழக்கு வெளுக்கிறது. சந்துகளில் கோலமிடும் பெண்கள் ஒரு கையில் மாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்க்கிறார்கள். அப்போதுதான் இந்த ஊரின் சீதோஷ்ணம் தன் கணக்கைத் தீர்க்க வருகிறது. மார்கழியாவது கருணையுள்ள மாதம். ஜூலையில் நடக்கும் ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தானில் ஓடியவர்களுக்குத் தெரியும், நம் ஊரில் ஓட்டக்காரனின் சத்துரு சூரியன் மட்டுமல்ல, சூரியன் வருவதற்கு முன்பே காற்றில் தேங்கி நிற்கும் ஈரமும்தான் என்பது. வியர்வை சுரப்பதனால் மட்டும் சரீரம் குளிர்ந்துவிடுவதில்லை. சுரந்தது ஆவியாகப் போவதனால்தான் குளிர்கிறது. கடற்காற்று ஏற்கெனவே நீராவியைச் சுமந்து நிற்கையில், வியர்வை போக வழியின்றி நெற்றியிலும் முழங்கையிலும் வழிந்து வீணே சொட்டுகிறது. உஷ்ணத்தை வெளியேற்றும் பொருட்டு ரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது; வியர்த்த வியர்வையால் ரத்தத்தின் அளவும் குறைகிறது; எஞ்சியதைக் கொண்டு கால் தசைகளையும் பேணவேண்டிய இதயம், வேகம் சிறிதும் கூடாதிருக்கும்போதே மேலும் மேலும் அடித்துக்கொள்கிறது. தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்து இதைச் சமாளிக்கலாமென்பதும் அபாயமே. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவிகிதத்தினருக்கு ரத்தத்தில் உப்பு இயல்பான அளவைவிடக் குறைந்திருந்ததாகக் கண்டார்கள். இதனால்தான், தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு தட்டில் உப்பும், இன்னொரு தட்டில் ஆரஞ்சுச் சுளைகளும் வைத்துக்கொண்டு, "எடுத்துக்குங்க அங்கிள்!" என்று கூவுகிறார்கள். அந்த "அங்கிள்" ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அமிர்தம்.

நடுவரிசைக்காரனுக்கு இந்த நேரத்தில் சாலையோரத்து உலகத்தோடும் சற்றே பரிச்சயம் ஏற்படுகிறது. முன்னணியில் போகிறவர்களுக்கு அது கிட்டுவதில்லை. சிக்னலில் வாகனங்களைத் தடுத்து நிறுத்தி வசவு வாங்கிக்கொண்டிருந்த காவலர் ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னும் எத்தனை பேரு சார் வருவீங்க?" என்று அலுப்போடு கேட்டார். "எனக்குப் பின்னாடி பாதிப் பேர் இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவருக்கு அது துக்கச் செய்தி. எனக்கோ அன்று காலை என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளிலேயே அதிக சந்தோஷம் தந்தது அதுதான்.

இனித் தூரத்தைப் பற்றிய வழக்கு. ஓட்டம் முடிந்ததும் சங்கத்தார் கூடி நின்று மணிக்கட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து, "எனக்கு 21.4 காட்டுது, பாதை நீளம்" என்று தீர்ப்புச் சொல்வது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர், ஆகவே முந்நூறு மீட்டரை ஏமாற்றி ஓடவைத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. முறைப்படி அளக்கப்பட்ட பாதைகளைச் சைக்கிளில்தான் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்ட்டர் என்ற சிறு கருவியைப் பொருத்தி, எஃகு நாடாவால் அளந்த நேர்ச்சாலை ஒன்றில் முதலில் பலமுறை ஓட்டிப் பார்த்து, சக்கரம் எத்தனை சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்பதை நிர்ணயித்துக்கொண்டு, பிறகு பந்தயப் பாதை முழுவதையும், ஒவ்வொரு வளைவிலும் ஓரக் கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே ஓட்டி அளக்கிறார்கள். பாதை தப்பித்தவறிக் குறைந்துவிடக்கூடாதென்று, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டியும் வைக்கிறார்கள்; ஆக, முழு மாரத்தானில் அது 42 மீட்டர். நாமோ அந்தக் குறுகிய வழியில் ஓடுவதில்லை. தண்ணீருக்காக இடப்பக்கம் ஒதுங்குகிறோம். நிழலுக்காக வலப்பக்கம் போகிறோம். கைகோத்துக்கொண்டு நடக்கும் நண்பர் கூட்டத்தைச் சுற்றிக்கொள்கிறோம். ஒவ்வொரு முதுகைத் தாண்டவும் விலகித் திரும்பி வருகிறோம். கூடிய தூரத்தில் ஒரு பகுதி கடிகாரத்தின் பிழை. மிகுதியெல்லாம் நாமே தேடிக்கொண்டது. அதைப் பாதை போட்டவர் தலையில் கட்டுவதை நான் பல ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டித்துப் பேசியிருக்கிறேன். கேட்டவர் எவருமில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும் ஓட்டங்கள் பெரும்பாலும் போய்த் திரும்பும் வகையைச் சேர்ந்தவை. நெடுநேரம் முதுகுகளையே பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு அங்கேதான் முகங்கள் காணக் கிடைக்கின்றன. முதலில் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். அதன் பின்னே இருபது பிராயத்து மெலிந்த வாலிபர்கள் இருவர் மூவர், கண்ணை எங்கும் திருப்பாமல், பூமியைத் தொட்டும் தொடாமலும் வருகிறார்கள். பரிசுப் பணத்தை நம்பி இரவுப் பேருந்தில் வந்து இறங்கியவர்கள் அவர்களில் உண்டு. நாங்கள் பொழுதுபோக்கென்று செய்வது அவர்களுக்கு ஜீவனம். ஆசிய வாகையர் போட்டியில் 2017-இல் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வென்ற புதுக்கோட்டை லட்சுமணனும் இப்படிப்பட்ட கால்களுக்குச் சொந்தக்காரர்தான். வெறுங்காலுடன் ஓடிய ஷிவ்நாத் சிங், 1978-இல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிஷத்தில் முடித்தது இந்தியச் சாதனையாக நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நின்றது. பத்தாயிரம் ரூபாய்க் காலணிகளின் குணதோஷங்களை நாங்கள் மணிக்கணக்கில் விவாதிக்கையில் அந்த விஷயத்தை யாரும் எடுக்காதிருப்பது ஒரு நாகரிகம்.

வாலிபர்கள் போனபின் சங்கத்து வேகக்காரர்கள் வருகிறார்கள், கையை உயர்த்தி, "சூப்பர் சார், விடாதீங்க!" என்று நம்மை நோக்கிக் கூவுகிறார்கள். தூக்கமில்லை என்று சொன்னவரும் அவர்களில் இருக்கிறார். திரும்புமுனையைச் சுற்றியதும் நிலைமை மாறுகிறது. இப்போது பிந்தி வருகிறவர்களின் முகங்கள் எதிரே வருகின்றன, நாம் கையை உயர்த்திக் கூவுகிறோம். பெருந்தன்மை எவ்வளவு சுலபமாக வருகிறதென்பதை அந்தச் சில நிமிஷங்களில் கண்டு நான் எனக்குள் நாணியதுண்டு.

ஆனால் என் போட்டி இவர்களோடெல்லாம் இல்லை. அது ஒரு பச்சைச் சட்டைக்காரரோடு. ஏதோ ஒரு பழைய பந்தயத்தில் கொடுத்த சட்டை. எழுத்துகள் உதிர்ந்து இரண்டொன்றே மிஞ்சியிருந்தன. இடது தோள் சற்றே தாழ்ந்திருக்கும். ஏற்றம் வந்தால் வலது முழங்கை வெளியே விலகும். சோர்வு தட்டும்போது தலை ஒரு பக்கமாகச் சாயும். இப்படி அந்த முதுகின் பாஷை முழுவதையும் நான் கற்றிருந்தேன், பெயரோ ஊரோ அறியாமல். தலை சாயும்வரை காத்திருந்து தாண்டுவேன். ஒரு கிலோமீட்டருக்குள் அவர் சத்தமின்றி வந்து முன்னே போய்விடுவார். சென்ற முறை கடைசித் திருப்பத்தில் அவரை முந்திவிட்டேன் என்று மகிழ்ந்திருக்கையில், முடிவுக் கோட்டுக்கு முன் அந்தத் தோள் மறுபடி எனக்கு முன்னே தாழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

அன்று பதக்கத்தை மாட்டிக்கொண்டு சிற்றுண்டி வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். அறுபதை எட்டிய முகம். நான் மனத்தில் வரைந்திருந்ததற்குச் சம்பந்தமே இல்லாத, மீசையற்ற, சாந்தமான முகம்.

"நீங்கதானே சார் என் பின்னாடியே வந்தது?" என்றார். "பார்க்காமலே தெரிஞ்சுது. உங்க மூச்சை எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டு தடவை இழுத்து ஒரு தடவை விடுவீங்க. அது கொஞ்சம் தப்பினா, சரி, இப்ப விட்டுட்டுப் போயிடலாம்னு நினைச்சுக்குவேன்."

அவருடைய இடது தோளைப் பற்றி நான் சொன்னேன். "டாக்டரும் அதையேதான் சொல்றார்" என்று சிரித்தார். வரிசை நகர்ந்தது. அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்றா என்று விசாரித்தார்.

"முட்டி கொஞ்சம் சரியில்ல சார், வந்தாலும் சும்மா ஜாலியா ஓடுறதுதான்" என்றேன். பெயர் கொடுத்துப் பணமும் கட்டியாகியிருந்தது. முட்டியும் நன்றாகவே இருந்தது.

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்து, "எனக்கும் அதே கதைதான் சார்" என்று சொல்லிவிட்டு, பொங்கலுக்குத் தட்டை நீட்டினார்.