பால் வற்றிய பிறகு

பெங்களூர் ஓசூர் சாலையில், ஆடுகோடிப் பக்கம் வாகனங்கள் அங்குலம் அங்குலமாக நகரும் இடத்தில் ஒரு நீண்ட சுற்றுச்சுவர். உள்ளே மரங்கள், தொழுவங்கள், கறவை மாடுகள். சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படும் கோரமங்கலாவை ஒட்டி மாடுகளுக்கு இவ்வளவு இடமா என்று புதிதாக வருபவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் மாடுகள்தான் இங்கே முதலில் வந்தவை. தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல நிலையமான இந்த இடத்தில் 1923-லேயே பிரிட்டிஷ் அரசு கால்நடை, பால்பண்ணைப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கிவிட்டது. 1955-ல் தலைமையகம் ஹரியானாவின் கர்னாலுக்குப் போனது. தொழுவம் இங்கேயே தங்கிவிட்டது.

சுமார் 900 மீட்டர் உயரம், கடுமையில்லாத வெயில். ஐரோப்பிய ரத்தம் கலந்த பசுக்களுக்கு இந்த ஊர் ஒத்துக்கொண்டது. அயர்ஷயர், ஹரியானா இனங்களின் கலப்பில் பிறந்த 'ஜில்' என்ற பசு, பால் சாதனைக்காகப் பெயர் பெற்றது இங்கேதான். பின்னாளில் 'அமுல்' குரியன் அமெரிக்கா போவதற்கு முன் பயிற்சி பெற்றதும் இங்கேதான்.

அவருக்கு முன்பே வந்த மாணவர் ஒருவர் உண்டு. 1927-ல் உடல்நலம் குன்றி நந்தி மலையிலும் பெங்களூரிலும் ஓய்வெடுத்த காந்தி, இங்கே வந்து சுமார் இரண்டு வாரம் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். பதிவேட்டில் அவர் எழுதிய தொழில்: விவசாயி. ஊர்: சபர்மதி. எவ்வளவு கறக்கும் என்பது மட்டும் அவர் கவலை அல்ல. கறவை நின்றபின் பசுவை யார் காப்பாற்றுவது என்பதும்தான். கோசாலையை ஒழுங்கான பால்பண்ணையாக நடத்த வேண்டும், பக்கத்திலேயே தோல் பதனிடும் கூடம் வைத்து, தானாக இறந்த மாட்டின் தோலை விற்க வேண்டும், அந்த வரும்படியில் கிழட்டு மாடுகள் பிழைக்கட்டும் என்பது அவர் கணக்கு. பக்தர்கள் முகம் சுளிக்கக்கூடிய யோசனை, அதனாலேயே நேர்மையானது.

கணக்கு இன்றும் அதேதான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு பசு இருபது வருடம் வாழும். கலப்பினக் கிடேரி மூன்று வயதையொட்டி முதல் கன்று ஈனும். நான்கைந்து ஈத்துக்குப் பிறகு கறவை குறையும், சினை பிடிப்பது தள்ளிப் போகும். அப்போது அதற்கு வயது பத்துகூட ஆகியிருக்காது. மீதி ஆயுளுக்குத் தீவனம்? பெரு நாட்டு மலைகளில் ரோமத்துக்காக வளர்க்கப்படும் அல்பாகாவும் பதினைந்து, இருபது வருடம் வாழக்கூடியது. முதுமையில் தரம் குறைந்தாலும் ஏதோ கொஞ்சம் ரோமம் தரும். வற்றிய பசு தருவது சாணமும் கோமியமும்தான். அமெரிக்காவின் பெரிய பண்ணைகள் ஈவிரக்கம் பார்ப்பதில்லை: ஐந்து வயதையொட்டி ஹோல்ஸ்டீன் பசு இறைச்சிக்குப் போய்விடும்.

கர்நாடகத்தில் 1964-ஆம் ஆண்டுச் சட்டமே பசுவதையைத் தடை செய்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய காளை, எருது, எருமைகளுக்கு வழி விட்டது. 2021 ஜனவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டம் அந்த வழியையும் அடைத்தது. பதின்மூன்று வயதான எருமை மட்டுமே விலக்கு. மீறினால் ஏழு வருடம் வரை சிறை. உழவுக்கு டிராக்டரும் சினைக்கு ஊசியும் வந்தபின் காளைக் கன்றுக்கே வேலை இல்லை; இப்போது அதை வாங்கவும் ஆள் இல்லை. முன்பெல்லாம் அடிமாட்டுத் தரகர் கொடுத்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து அடுத்த கிடேரி வாங்கிய சிறு விவசாயிக்கு, வற்றிய மாடு என்பது தினம் தின்னும் கடன். சட்டம் கத்தியைத் தடுத்தது. பசியைத் தடுக்கவில்லை. நகரத்துச் சந்துகளில் குப்பையைக் கிளறி, மிச்சச் சோற்றோடு பிளாஸ்டிக் பையையும் விழுங்கும் மாடுகளைப் பார்த்தால் இது புரியும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. புலிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் திரும்பிப் போன புண்யகோடி என்ற பசுவின் கதை கன்னடக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் தெரியும். அந்தப் பெயரிலேயே 2022-ல் தத்தெடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. கோசாலையில் உள்ள ஒரு பசுவின் பராமரிப்புக்கு விருப்பமுள்ளவர் வருடம் 11,000 ரூபாய் கொடுக்கலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஒரு நாளைக்கு முப்பது ரூபாய். பெங்களூரில் ஒரு லிட்டர் நந்தினி பால் வாங்க அது போதாது.