முழந்தாளிட்டவர்கள் கண்ட அலை

– பத்தாம் வகுப்பு மாணவி

"முட்டி போடு!" என்ற சொல்லைக் கேளாமல் பத்தாம் வகுப்பு வரை வந்தவர்கள் எங்களில் ஒருவரும் இல்லை. ஆலயத்தில் முழந்தாளிட்டால் பக்தி. வகுப்பு வாசலில் முழந்தாளிட்டால் தண்டனை. இவ்விரண்டைத் தவிர முழந்தாளுக்கு மூன்றாவதாக ஒரு வேலை உண்டு என்பதை இந்த ஆண்டுதான் அறிந்தோம். அந்தக் கதையையும், அதனால் நாங்கள் திருத்திக்கொண்ட ஒரு பிழையையும் இம்மலரின் வாசகர்களாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் சித்தப்பா சிட்னி நகரில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வந்தவர் அலைச்சறுக்கு விளையாட்டைப் பற்றிய பழைய பத்திரிகைகள் ஒரு கட்டும், மடிக்கணினியில் சில திரைப்படங்களும் கொண்டு வந்திருந்தார். கடல் அலைகளைப் பற்றி நாங்கள் ஒரு செயல்திட்டம் தயாரிக்க வேண்டியிருந்தது. எனவே சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுத் திண்ணையில் கூடினோம். அவள் அம்மா கொடுத்த சுண்டலைக் கொறித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினோம். எல்லாப் படங்களிலும் வீரர்கள் பலகை மீது நிமிர்ந்து நின்றார்கள். திடீரென்று ஒரு பக்கத்தில் ஒருவர் மட்டும் முட்டி போட்டிருந்தார்!

"ஐயோ பாவம், இவர் என்ன தப்பு செய்தாரோ?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சித்தப்பா சிரிக்கவில்லை. "இதே கேலியைத்தான் அங்கேயும் அவர்கள் கேட்டார்கள். 'ஏனப்பா, உனக்கு நிற்கத் தெரியாதா?' என்பார்கள்" என்றார். பிறகு முழங்கால் பலகையைப் பற்றி விளக்கினார். அது குட்டையானது, ஏறத்தாழ ஐந்தடிதான் இருக்கும். காலில் தவளைக்கால் போன்ற நீச்சல் துடுப்புகளை மாட்டிக்கொண்டு நீந்திச் சென்று, அலை எழும்பும்போது அதன்மேல் முழந்தாளிட்டுச் சறுக்க வேண்டும். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் நிலைப்பு அதிகம் என்று இயற்பியலில் படித்திருக்கிறோம் அல்லவா? அதன் பயனை அங்கே கண்டோம். நிற்பவர் தலை இடிக்கும் இடத்தில் முழந்தாளிட்டவர் நுழைந்துவிடுவார். அலை சுருண்டு விழும்போது அதனுள்ளே குகை போன்ற ஓர் இடம் உண்டாகிறது. அதற்குள் ஆழமாகச் செல்ல அவருக்குத்தான் எளிது.

அந்தப் படத்தில் இருந்தவர் ஜார்ஜ் கிரீனோ. 1941இல் பிறந்தவர், கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவைச் சேர்ந்தவர், பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பைரன் பே பகுதியில் குடியேறியவர். போட்டிகளிலும் பரிசுகளிலும் அவருக்கு நாட்டமில்லை. மீன்களின் வாலைக் கூர்ந்து கவனித்து, சூரை மீனின் வால்போல வளைந்து கொடுக்கும் அடித்துடுப்பு ஒன்றைச் செய்தார். அவருடைய பலகையின் நடுப்பகுதி கரண்டிபோலக் குழிந்து மெல்லியதாக இருக்கும். அலையின் விசைக்கு ஏற்ப வளைந்து நிமிரும். 1966இல் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் நாட் யங் வென்றார். அவர் நின்றுகொண்டு சறுக்கியவர்தான். ஆனால் அவருடைய பலகையின் அடியில் இருந்தது கிரீனோ காட்டிய வழியில் அமைந்த அடித்துடுப்பு! அடுத்த ஆண்டில் பாப் மக்டாவிஷ் போன்றவர்கள் நீண்ட பலகைகளைக் குறுக்கத் தொடங்கினார்கள். அதற்கும் கிரீனோ முழந்தாளிட்டபடி அலையில் வளைந்து வளைந்து சென்ற விதமே தூண்டுகோலாயிற்று.

இதைப்போல இன்னொரு செய்தியும் உண்டு. சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர் 1967இல் முழந்தாளிட்டுச் செல்வதற்கென்றே குட்டையான, அகலமான பலகை ஒன்றைச் செய்தார். அதன் பின்பக்கம் மீன்வால்போல இரண்டாகப் பிளந்திருந்ததால் 'ஃபிஷ்' என்று பெயர் வந்தது. பிறகு நின்று சறுக்குபவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இன்று பல நாட்டுக் கடைகளிலும் 'ஃபிஷ்' விற்கிறது. வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு அது முழந்தாளுக்காகப் பிறந்த பலகை என்று தெரியும்? பலகை ஊரெல்லாம் போயிற்று. முழங்கால் மட்டும் மறந்து போயிற்று.

இதற்குப் பத்திரிகைகளும் ஒரு காரணம் என்று எங்களுக்குத் தோன்றியது. ஜான் செவர்சன் 1960இல் தொடங்கிய 'சர்ஃபர்' இதழ் அந்த விளையாட்டின் வேதப் புத்தகம்போல இருந்து, 2020இல் நின்றுபோயிற்று. இத்தகைய இதழ்களின் அட்டைக்கு நின்றுகொண்டிருக்கும் வீரனே அழகு. போதாக்குறைக்கு 1971இல் டாம் மோரே என்பவர் மெத்தென்ற நுரைப்பலகையைக் கண்டுபிடித்தார். அது விலை குறைவு, படுத்துக்கொண்டே சறுக்கலாம். இளைஞர் பலர் அதன் பக்கம் போக, முழந்தாளிடுபவர்கள் ஒரு சிறு கூட்டமாகச் சுருங்கிவிட்டார்கள்.

அப்படியானால் அந்த மூத்தவர்கள் தங்கள் விளையாட்டைப் பற்றி உலகுக்கு எப்படிச் சொன்னார்கள்? எங்களை மிகவும் கவர்ந்தது இதுதான். அவர்களில் சிறந்தவர்கள் தங்களைப் படம் பிடிக்கச் சொல்லிக் காத்திருக்கவில்லை. தாங்களே கேமராவைக் கையில் எடுத்தார்கள். சிட்னியின் டீ வை கடற்கரையைச் சேர்ந்த பீட்டர் கிராஃபோர்டு முழங்கால் பலகையில் ஆஸ்திரேலியப் பட்டம் வென்றவர். அவரே பேர்பெற்ற அலைச்சறுக்குப் புகைப்படக்காரர். கிரீனோவோ கனத்த திரைப்படக் கேமராவை நீர் புகாத பெட்டியில் வைத்து, தம் முதுகில் கட்டிக்கொண்டு அலைக்குள் புகுந்தார்! நிற்பவரால் போக முடியாத இடத்திலிருந்து எடுத்த காட்சிகள் அவை. 1970இல் 'த இன்னர்மோஸ்ட் லிமிட்ஸ் ஆப் பியூர் ஃபன்' என்ற படம் வந்தது. 1973இல் டேவிட் எல்ஃபிக்குடன் சேர்ந்து உருவாக்கிய 'கிரிஸ்டல் வாயேஜர்' வந்தது. அதன் கடைசிப் பகுதியில் 'பிங்க் ஃபிளாய்டு' குழுவினரின் 'எக்கோஸ்' என்ற இசை நெடுநேரம் ஒலிக்க, திரை முழுவதும் அலையின் உட்புறமே விரிகிறது.

அந்தப் பகுதியைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தபோது எங்களில் யாரும் பேசவில்லை. பச்சைக் கண்ணாடிபோல நீர் வளைந்து தலைக்குமேல் கவிகிறது. வெளியே வாசல்போல ஒரு வெளிச்சம். அது சுருங்குகிறது, விரிகிறது, பிறகு நுரையில் மறைகிறது. சுண்டல் கிண்ணம் அப்படியே இருந்தது.

அந்தப் பகுதி முடிந்ததும் விவாதம் எழுந்தது. "இவ்வளவு நேரத்தில் அவர் முகம் ஒருதரம்கூட வரவில்லையே! தன்னைக் காட்டாததால்தான் உலகம் அவர்களை மறந்தது" என்றாள் ஒருத்தி. "இல்லை, தன்னைக் காட்டாததால்தான் நாம் இன்று இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 'எங்களை யாரும் மதிக்கவில்லை' என்று புலம்பியிருந்தால் யார் கேட்பார்கள்?" என்றாள் மற்றொருத்தி. இரண்டிலும் உண்மை இருப்பதாக எங்களுக்குப் பட்டது.

அப்போது இதுவரை வாய் திறக்காத ஒரு தோழி பேசினாள். அவள் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. "என் தாத்தா கட்டுமரத்தில் இப்படித்தான் முட்டி போட்டுத் துடுப்பு போடுவார். முதல் அலையைத் தாண்டும்போது நின்றால் விழுந்துவிடுவோம் என்பார். ஆனால் அவர் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை" என்றாள்.

சுருக்கென்றது எங்களுக்கு. கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலேயர் தங்கள் மொழிக்கே எடுத்துக்கொண்டார்கள். சென்னைக் கடற்கரையின் அலைகளில் கட்டுமரங்கள் செல்வதை ஓவியமாகவும் தீட்டினார்கள். ஆனால் அவை கப்பலிலும் கரையிலும் இருந்து பார்த்தவர்கள் தீட்டியவை. கட்டுமரத்தில் முழந்தாளிட்டவர் கண்ணுக்கு அலை எப்படித் தெரிந்தது என்று எந்தப் படம் சொல்கிறது?

சுருக்கென்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம். இம்மலருக்காக எங்கள் வகுப்புப் பக்கத்தை ஒரு வாரத்துக்கு முன்பே முடித்திருந்தோம். விளையாட்டு விழா, நாடகம், சுற்றுலா என்று எத்தனையோ படங்கள். எல்லாம் பள்ளிக் கேமராவால் அவள் எடுத்தவை. நாங்கள் சிரிக்கும்போதெல்லாம் அவள் எதிரே நின்று, இல்லை, முழந்தாளிட்டு எங்களைப் படமெடுத்தாள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு படத்தில்கூட அவள் இல்லை. எங்கும் அவள் பெயரும் இல்லை. நன்றி சொல்லும் வரியில் அச்சகத்தாரைக்கூட நினைத்தோம், அவளை மறந்துவிட்டோம். அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பாசிரியையிடம் சென்று உண்மையைச் சொன்னோம். "பக்கத்தைத் திருப்பித் தருகிறேன். திருத்துங்கள். ஆனால் முதலில் அவளிடம் பேசுங்கள்" என்றார்கள். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "உன் படத்தைப் பெரிதாகப் போடுகிறோம்" என்றோம்.

அவள் தலையசைத்து மறுத்தாள். "என் படம் வேண்டாம். நான் எடுத்த படத்தில் ஒன்றை நானே தேர்ந்தெடுக்கிறேன். கீழே பெயர் மட்டும் போடுங்கள்" என்றாள்.

நாங்கள் ஒதுக்கி வைத்த ஒரு படத்தை அவள் எடுத்தாள். தொடர் ஓட்டத்தின் எல்லைக்கோட்டருகே முழந்தாளிட்டு எடுத்தது. முகங்கள் சரியாக விழவில்லை என்று அதைக் கழித்திருந்தோம். உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது. எழும்பும் புழுதி, வெறுங்கால்கள், கைமாறும் கோல், அதற்கு அப்பால் வாய் திறந்து கத்தும் எங்கள் வகுப்பு. ஓடியவர்களும் அதைப் பார்க்கவில்லை, கைதட்டியவர்களும் பார்க்கவில்லை. தரையோடு தரையாக இருந்தவள் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

அந்தக் கடைசிப் பகுதியில் கிரீனோ அலையைக் காட்டினார், தம்மைக் காட்டவில்லை. ஸ்டீவ் லிஸின் பலகை உலகைச் சுற்றிற்று; அவர் பெயர் கூடப் போகவில்லை. காட்சியும் வேண்டும், அதன் கீழே பெயரும் வேண்டும் என்பது எங்கள் தோழி எங்களுக்குச் சொல்லாமல் சொன்ன பாடம்.

அன்பான வாசகர்களே, எங்கள் வகுப்புப் பக்கத்துக்கு வரும்போது அந்தத் தொடர் ஓட்டப் படத்தைச் சற்று நின்று பாருங்கள். அதன் கீழே உள்ள பெயரையும் மறவாமல் படியுங்கள்.