இழுத்துட்டுப் போக யார் வருவா?

கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை. இன்ஷூரன்ஸ் பாலிசியைப் படிப்பவர்கள், மடித்து டாஷ்போர்டுக்குள் வைப்பவர்கள். முதல் வகையை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை!

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனி அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் நண்பர் ஒருவர். அவர் அம்மாவை வேலூர் சி.எம்.சி.யில் காட்டிவிட்டு ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தோம். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி, மாதனூர் பக்கம், கார் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது. லாரிகள் உரசுகிற மாதிரி போகின்றன. பின்சீட்டில் அம்மா, மடியில் மாத்திரைப் பை.

'ஃபுல் கவர் சார்!' என்று ஏஜென்ட் சொல்லியிருந்ததால் நண்பர் தெம்பாக போன் போட்டார்.

"ஆக்ஸிடென்ட்டா சார்?"

"இல்லீங்க, சும்மா நின்னுடுச்சு."

"அப்ப பாலிசியில வராது சார்."

நண்பர் ரோட்டோரப் புளியமரத்தை ஒரு மாதிரி பார்த்தார். "வேணாம்ப்பா, அம்மா உள்ளே இருக்காங்க!" என்றேன்.

எதிர்முனை சொன்னது பொய்யில்லை. சாதாரண பாலிசி விபத்துக்குத்தான். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் கோளாறு அதில் சேராது என்று அச்சடித்தே இருக்கும். 2002 மோட்டார் டாரிஃப் வாசகப்படி, விபத்தான காரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போகவே உச்சவரம்பு 1,500 ரூபாய்தான்!

சும்மா நின்றால் உதவிக்கு வருவது 'ரோட்சைடு அசிஸ்டன்ஸ்' என்கிற தனி கவர். பெரும்பாலும் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய். பஞ்சர், பேட்டரி, சாவி உள்ளே மாட்டிக்கொள்வது, இழுத்துப்போவது எல்லாம் இதில் அடக்கம். பெட்ரோல் தீர்ந்தாலும் கொண்டுவந்து தருவார்கள். பெட்ரோல் காசு பொதுவாக நம்முடையது. வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை தடவை? எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுப்பீர்கள்? எந்தெந்த ஊருக்கு வருவீர்கள்? புது கார் என்றால் கார் கம்பெனியே இதைத் தந்திருக்கலாம். ஒரே சேவைக்கு இரண்டு தடவை பணம் எதற்கு?

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது 1033. தேசிய நெடுஞ்சாலைக்கான 24 மணி நேர உதவி எண். ரோந்து வண்டி வந்தது, பின்னாலேயே கிரேன். அவர்கள் வேலை நம்மை ஆபத்திலிருந்து ஒதுக்கி விடுவது. வண்டியை உங்கள் மெக்கானிக் வாசலில் இறக்குவது அல்ல. ஆனால் லாரிகளுக்கு நடுவே, ராத்திரியில், அதுவே பெரிய விஷயம்.

உங்கள் டாஷ்போர்டில் பிள்ளையார் இருக்கலாம், 786 இருக்கலாம், சிலுவை இருக்கலாம். பக்கத்திலேயே 1033 என்று எழுதி ஒட்டிவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, சார்!